இரண்டாம் ஓலையன்று எழுந்து நின்றவள்

என் நைனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நானும் பாக்கியம் பெரியம்மாவும் அம்பத்தூரில் சுகமாக இருக்கிறோம். சுகம் என்றால், எனக்கு முழங்கால் வலி, அவளுக்குக் கண் மங்கல். இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும். ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் பகலெல்லாம் போய்வந்துகொண்டே இருப்பதால் துவைத்துப் போட்ட துணியெல்லாம் செம்மண் நிறமாகிவிடுகிறது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றும் பாதி நாள் வெறுங்கையோடு திரும்புகிறேன். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றோடு மூன்று நாளாகிறது. கடிதம் இவ்வளவு நீளமா என்று முகம் சுளிக்காதே. நீ பிரசங்கம் செய்யும்போது நாங்கள் கடைசிவரை உட்கார்ந்துதானே கேட்கிறோம்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. குருப்பட்டம் பெற்று உன் முதல் சபைக்குப் போய் நான்கு மாதத்தில் நீ பார்த்திருக்கும் வேலையைப் படித்ததும் மனசு நிறைந்தது. கூரை மாற்றியது, ஞாயிறு பள்ளி தொடங்கியது, வயல்காட்டில் காய்ச்சல் கண்ட வீடுகளுக்கு நீயே கஞ்சி எடுத்துக்கொண்டு போனது, எல்லாவற்றையும் பெரியம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அதற்கு அடுத்த பக்கத்தில்தான் அந்த விஷயம் இருந்தது. உன் சபைப் பெண்கள் எட்டுப் பேர் ஆராதனை முடிந்ததும் வந்து, சபைக் கமிட்டியில் இரண்டு பெண்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்டார்கள். நீயும் கோபப்படாமல், காலம் கனியட்டும் அம்மா, அதுவரை உங்கள் எண்ணங்களை உங்கள் வீட்டு ஆண்கள் மூலமாகக் கமிட்டிக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று பக்குவமாகப் பேசி அனுப்பிவைத்தாய். மாதக் கடைசியில் நடக்கும் சபைக் கூட்டத்தில் இந்தப் பேச்சை ஒரேயடியாக முடித்துவைக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். அந்த எட்டுப் பேருக்காக முன்னால் வந்து பேசியவள் ஒரு விதவை என்று அதே பக்கத்தின் கீழே நீயே எழுதியிருக்கிறாய்.

பெரியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "அப்போ ஊட்டுல ஆம்பளை இல்லாத அவ, யாராண்ட சொல்லி அனுப்புவா?" என்று கேட்டாள். அவள் குற்றமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு விஷயத்தை நாங்கள் இரண்டு பேரும் உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறோம். "புள்ளைக்குச் சொல்லாத, கோயில் மேல வெறுப்பு வந்துடும் அவனுக்கு" என்று அவள்தான் என் வாயை அடைத்து வைத்திருந்தாள். இப்போது சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லு போ. இனிமே அவனுக்கு எங்கேர்ந்து வெறுப்பு வரும்? அவனே கோயிலாயிட்டான்" என்று சிரித்தாள். சிரித்தாலும் கீரையை மறுபடி கையில் எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எனக்கு அப்போது பதினேழு வயசு. உன் தாத்தா ரயில் லைனில் கேங்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பூந்தமல்லி மிஷன் பள்ளியில் நான் ஐந்தாவது முடித்திருந்தேன். இன்று உனக்கு இவ்வளவு நீளக் கடிதம் எழுதும் கை அங்கே கிடைத்த கைதான். அதற்காக அந்தப் பள்ளியையும், அதை நடத்திய சபையையும் நான் தினமும் நன்றியோடு நினைக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதைப் படித்து அம்மாவுக்குச் சபை மேல் கோபம் என்று நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறந்த வீட்டின் மேல் எனக்கு எவ்வளவு கோபமோ அவ்வளவுதான்.

அந்த வருஷம் எனக்கு ஒரு மாப்பிள்ளை அமைந்தான். கோலார் தங்கவயலில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன், பாடி கிராமத்தில் அவன் மாமன் வீட்டில் தங்கியிருந்தான். கோட்டு, சங்கிலிக் கடிகாரம், கிராப்பு. உன் தாத்தா அந்தக் கடிகாரத்தைப் பார்த்தே பாதி மயங்கிவிட்டார். பாதிரியார் ஒருவரின் அத்தாட்சிக் கடிதம் வேறு வைத்திருந்தான். அதில் அவன் ஞானஸ்நானம் பெற்றவன் என்றிருந்தது. கல்யாணமானவனா ஆகாதவனா என்று ஒரு வரியும் இல்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. நானும் அவனைக் கடைக்கண்ணால் இரண்டு தரம் பார்த்தேன், பிடிக்காமல் போகவில்லை. இதையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு சபையில் வாசிக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியாததல்ல, இப்போது நீயே வாசிக்கிறாய். முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. அந்த வாரம் வியாழக்கிழமை, அப்போது எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த பாக்கியம் பெரியம்மா ஆவடி ரயில் நிலையத்தில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயசிருக்கும். புருஷன் வாந்திபேதியில் போய், பிள்ளையும் இல்லாமல், விடியற்காலை பூந்தமல்லி சந்தையில் காய் எடுத்து ஆவடிவரை நடந்து விற்றுப் பிழைத்தவள். ஒரு சின்னப் பெண் பாசஞ்சர் வண்டியிலிருந்து இடுப்புக் குழந்தையோடு இறங்கி, ஒவ்வொருவரிடமும் ஒரு பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறாள். முதல் ஓலையில் கேட்ட பெயர். கோலாரில் கோயிலில் வைத்துத் தாலி கட்டியவன், மூன்று மாதமாகத் தகவல் இல்லை என்று அழுதிருக்கிறாள். பாக்கியம் அவளுக்குச் சோறு வாங்கிக் கொடுத்துப் பேச வைத்தாள். என்னோடு வந்து சபையில் சொல் என்று எவ்வளவோ கெஞ்சினாளாம். அந்தப் பெண்ணுக்கோ பயம், வெட்கம், கையில் குழந்தைக்குக் காய்ச்சல் வேறு. அடுத்த வண்டியிலேயே திரும்பிவிட்டாள். அவளுடைய பெயர் எனக்குத் தெரியாது. ஆனாலும் என் ஜெபத்தில் அவள் இல்லாத நாள் இல்லை.

வெள்ளிக்கிழமை பாக்கியம் பூந்தமல்லிக்கு நடந்து எங்கள் சபைக் குருவான ஐயர் வீட்டுக்குப் போனாள். ஐயர் அமைதியாகக் கேட்டுக்கொண்டு, "இது பெரிய விஷயம் அம்மா. உன் வீட்டு ஆண் யாரையாவது அனுப்பு, கமிட்டியில் பேசுவோம்" என்றார். "எனக்கு யாரும் இல்லையே ஐயரே" என்றாள். "அப்படியானால் அக்கம்பக்கத்தில் ஒரு பெரியவரை" என்றார். அக்கம்பக்கத்துப் பெரியவர் யார் தெரியுமா? உன் தாத்தா. அவரிடம் வந்து சொன்னாள். அவர் விட்ட சத்தத்தில் லைன் கூலிகள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். என் பெண் நன்றாக வாழ்வது உனக்குக் கண்ணை உறுத்துகிறதா என்று கேட்டார். தாலி இழந்தவள் நல்ல காரியத்தில் வாய் வைக்கலாமா என்று கூடக் கேட்டார். கிறிஸ்தவர்களாகி இரண்டு தலைமுறை ஆகியும் அந்தப் பேச்சு மட்டும் எங்கள் வீட்டைவிட்டுப் போகவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். "நாளைக்கு ஐயர் தடை கீதான்னு கேப்பாரு இல்ல, அப்போ நா எழுந்து சொல்லப்போறேன். வேற வழி இல்ல. நா ஒருத்தியா சொன்னா கூடைக்காரி உளர்றான்னு தள்ளிடுவாங்க. நீயும் எழுந்து நில்லு கண்ணு. ரெண்டு வாயா இருந்தா கேப்பாங்க" என்றாள். நிற்கிறேன் அக்கா என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவர் பேரால் நிற்கிறேன் என்று சொன்னேன்.

மறுநாள் பெண்கள் பக்கத்துப் பாயில் நான் முன்வரிசை, அவள் எனக்கு இரண்டு வரிசை பின்னால். ஐயர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டாம் ஓலையை வாசித்தார். தடை ஏதாவது தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்றார். அது கேட்க வேண்டுமே என்று கேட்கிற கேள்வி. நான் பிறந்ததிலிருந்து அதற்கு யாரும் பதில் சொன்னதில்லை. அவர் அடுத்த தாளைப் புரட்டிவிட்டார்.

"தடை கீது ஐயரே" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"உட்காரம்மா, ஆராதனை நடக்கிறது. சபையில் பெண்கள் பேசுவது முறையில்லை."

"தடை இருந்தா சொல்லுன்னு நீங்கதான கேட்டீங்க? பொம்பளைங்க தவிர மத்தவங்க சொல்லுங்கன்னு கேக்கலியே?"

ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். உன் தாத்தா எழுந்து, இவளை வெளியே தள்ளுங்கள் என்று கத்தினார். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "மாப்ளைக்குக் கோலார்ல பொஞ்சாதி கீறா. இடுப்புல கொயந்தையோட இவனைத் தேடிகினு ஆவடிக்கு வந்தா. என் கையால சோறு வாங்கித் துன்னுட்டுப் போனா. நா சொல்றது பொய்யின்னா அந்த ஊர் ஐயருக்கு ஒரு காயிதம் போட்டுக் கேளுங்க" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். திரும்பிப் பார்க்காமலே அவள் பார்ப்பது எனக்குத் தெரிந்தது, முதுகு சுட்டது.

நான் எழவில்லை நைனா. முந்தானையைப் புருவம்வரை இழுத்து விட்டுக்கொண்டேன். ஐயர் என் பக்கம் திரும்பி, "பெண்ணே, இதைப்பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். நல்ல மனுஷர், எனக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். "தெரியாது ஐயரே" என்றேன். சபை முழுக்கக் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னேன். ஆண்டவரைத் தெரியாது என்று சீஷன் மறுதலித்த மாதிரி மறுதலித்தேன். இந்தச் சொல்லின் கனம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆராதனை நடுவில் நான் வாய் திறந்து அந்தப் பொய்யைச் சொன்னபோது, பெண் சபையில் பேசலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. இதை நான் பல வருஷம் கழித்துத்தான் கவனித்தேன். அவர்களுக்கு வேண்டிய வார்த்தையாக இருந்தால் பெண்ணின் குரல் ஒழுங்கைக் கெடுப்பதில்லை போலிருக்கிறது.

பாக்கியம் உட்காரவே இல்லை. பாட்டுக்கும் நின்றாள், பிரசங்கத்துக்கும் நின்றாள், ஆசீர்வாதம் கூறி முடிக்கும்வரை நின்றாள். தடை என்று ஒன்று சொல்லப்பட்டுவிட்டால் அதை விசாரிக்காமல் மூன்றாம் ஓலை வாசிக்கக் கூடாது என்பது விதி. ஐயர் விதி தவறாதவர். திங்கட்கிழமையே கோலாருக்குக் கடிதம் போட்டார். பதில் வர மூன்று வாரம் ஆனது. பதில் வருவதற்கு முன்னாலேயே கோட்டும் கடிகாரமும் பாடியைவிட்டுக் காணாமல் போய்விட்டன. அந்த ஊர்க் கோயில் பதிவேட்டில் அவன் கல்யாணம் எழுதியிருந்ததாகப் பதில் வந்தது. மூன்றாம் ஓலை வாசிக்கப்படவே இல்லை. நீ இந்த உலகத்தில் இருப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

அதன் பிறகு அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்று நினைக்கிறாயா? ஐந்து ஆண்கள் கொண்ட கமிட்டி கூடியது. அவள் சொன்னது உண்மைதான், ஆனால் சொன்ன விதம் ஒழுங்கல்ல என்று தீர்மானம் செய்தார்கள். சபையார் முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கும்வரை அவளுக்கு நற்கருணை இல்லை, கதவோரம்தான் உட்கார வேண்டும் என்றார்கள். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். "நா கோயில்ல பேசினது தப்பு. அந்தத் தப்புக்கு மன்னிப்புக் கேக்கறதுக்கு நா கோயில்ல எழுந்து பேசணும். நல்லா கீது ஐயரே உங்க நாயம்" என்றாள். ஐயருக்கு முகம் சிவந்துவிட்டது. தீர்மானம் மாறவில்லை. அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. செய்யாத தப்புக்கு எப்படிக் கேட்பேன், ஆண்டவரிடம் பொய் சொன்ன மாதிரி ஆகாதா என்பாள். நான் பொய் சொன்னவள், முன்வரிசையில் உட்கார்ந்து நற்கருணை வாங்கினேன்.

ஏழு வருஷம் நைனா. ஒரு ஞாயிறு தவறாமல் வந்தாள். கதவோரத்தில் உட்கார்ந்து எல்லோரையும்விட உரக்கப் பாடுவாள். நற்கருணை நேரம் வந்ததும் தானே எழுந்து வெளியே போய்ப் புங்கமரத்தடியில் நிற்பாள். நான் திரும்பி என் இடத்துக்கு வரும்போது கதவு வழியாக அவள் தெரிவாள். ஒரு தரம்கூட அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை. ஓலை நின்றுபோன பெண் என்று மூன்று வருஷம் என்னைக் கேட்டு யாரும் வராதபோது, எங்கள் வீட்டுக்குள் வந்து எனக்கு ஆறுதல் சொன்னவளும் அவள்தான். உன் தாத்தா அவளைப் பார்க்காத மாதிரி பல்குச்சியை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் அவருக்கும் இரண்டு கத்தரிக்காய் வைத்துவிட்டுப் போவாள்.

பிறகு உன் அப்பா வந்தார். திருமுல்லைவாயில் பக்கத்தில் கொத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அவருடைய வீட்டார் ஓலை நின்ற கதையைச் சொல்லி வேண்டாம் என்றபோது, "ஓலை நின்னதால தான அது இன்னும் ஊட்டுல கீது? எனக்கு நல்லதுதான்" என்றாராம். அந்த மனுஷரோடு வாழ்ந்த வருஷங்கள் என் வாழ்க்கையின் பெரிய ஆசீர்வாதம். உனக்கு முன்னால் பிறந்த குழந்தை ஒன்பதாம் நாளில் இறந்துபோனது. அந்த நாட்களில் என்னை எழுப்பிக் குளிக்க வைத்து, வாயில் கஞ்சி ஊட்டியது பாக்கியம். நான் ஒரு நாள் அவள் மடியில் விழுந்து, ஏரிக்கரையில் வாக்குக் கொடுத்துவிட்டு உன்னைக் கைவிட்டேனே அக்கா என்று அழுதேன். "உனக்குப் பதினேழு வயசு. எனக்குக் கால் ஆடினது எனக்குத்தான தெரியும்" என்றாள். அவளுக்கும் கால் நடுங்கியது என்பது அன்றுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

நீ பிறந்தாய். ஞானஸ்நான நாள் வந்தது. பழைய ஐயர் மாற்றலாகி, புதிதாக ஓர் இளம் ஐயர் வந்திருந்தார். குழந்தையை ஏந்தி நிற்கும் ஞானத்தாய் யார் என்று கேட்டபோது பாக்கியம் என்றேன். கமிட்டியார், விலக்கி வைத்தவள் எப்படி என்றார்கள். வேறு பெயரை எழுதிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐயர் தண்ணீர்க் கிண்ணத்தண்டை நின்று குழந்தையைக் கொண்டுவரச் சொன்னார். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். முன்னால் போகவேண்டிய நான் பின்னால் நடந்தேன். கதவோரம் போய் உன்னைப் பாக்கியத்தின் கையில் கொடுத்தேன். அன்றைக்கும் என் வாய் திறக்கவில்லை, கால்தான் துணிந்தது. உன் அப்பா எழுந்து வந்து எங்கள் பக்கத்தில் நின்றார்.

இளம் ஐயர் எங்களைப் பார்த்தார், கமிட்டியாரைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுவரைக்கும் நடந்து வந்தார். பாக்கியத்தைப் பார்த்து, "குழந்தைக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். ஞானப்பெற்றோர் உரக்கச் சொல்ல வேண்டிய பதில் அது, முறைப்படியே சொல்ல வேண்டியது. ஏழு வருஷத்துக்குப் பிறகு அவள் அந்தக் கோயிலில் பேசினாள். பேசிய முதல் வார்த்தை உன் பெயர். குரல் உடைந்து, பாதிப் பெயர்தான் வெளியே வந்தது. ஐயர் மறுபடி கேட்காமல் அதையே முழுசாக எடுத்துச் சொல்லி உன் தலையில் தண்ணீர் ஊற்றினார். அன்று நற்கருணைக்கு அவள் எழுந்து வெளியே போகப் பார்த்தாள். ஐயர் கையால் உள்ளே வா என்று காட்டினார். மன்னிப்புக் கேள் என்று அதன் பிறகு யாரும் சொல்லவில்லை. அவர்களும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த இளம் ஐயருக்காக நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. அவர் பிரசங்கம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை, அந்தப் பத்தடி நடந்து வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

இப்போது உன்னிடம் வருகிறேன். நீ பெண்களை மட்டமாக நினைப்பவன் அல்ல. பழைய ஐயரும் அப்படிப்பட்டவர் அல்ல. வாந்திபேதி வந்த வருஷம் மற்றவர்கள் ஓடியபோது குடிசை குடிசையாகப் போனவர், பாக்கியத்தின் புருஷனைத் தன் கையால் அடக்கம் செய்தவர். கெட்டவர் ஒருவர் அவளைக் கதவோரம் உட்கார வைத்திருந்தால் நான் உனக்கு இதை எழுதியிருக்க மாட்டேன், அவரை எல்லோரும் திட்டிவிட்டுப் போயிருப்போம். நல்லவர் செய்தார். ஆண் ஒருவனை அனுப்பு என்று அவர் கோபமில்லாமல் சொன்ன அதே வார்த்தையை நீயும் கோபமில்லாமல் சொல்லியிருக்கிறாய்.

இதில் என் தப்பும் இருக்கிறது. உன் அப்பா சாரத்திலிருந்து விழுந்து இறந்தபோது உனக்கு ஒன்பது வயசு. அன்று சாயங்காலமே குடும்ப ஜெபத்தை உன்னிடம் கொடுத்தேன். இனி நீதான் வீட்டுக்கு ஆண், நீ ஜெபி என்றேன். நானும் பெரியம்மாவும் முக்காடு போட்டுக்கொண்டு உன் எதிரில் உட்கார்ந்தோம். பசிக்கிறது ஆண்டவரே என்பதற்கு மேல் உனக்கு ஜெபிக்கத் தெரியாது. வேதத்தைப் பாதிக்கு மேல் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய இரண்டு பெண்கள் ஆமென் என்று சொன்னோம். பெருமையாகச் சொன்னோம். வளர்ந்த பெண்ணைவிட ஒன்பது வயசு ஆண் ஆண்டவருக்குக் கிட்ட இருக்கிறான் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு யாரும் இல்லை, நான்தான். மன்னித்துக்கொள்.

சபையில் பெண்கள் பேசாமல் இருக்கட்டும் என்று அப்போஸ்தலன் எழுதினதை நீ கிரேக்கத்திலேயே படித்தவன், உன்னோடு நான் வாதாட வரவில்லை. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: நீ அங்கே தினமும் சாப்பிடும் சோறு, அந்தப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைத்துக் கோயிலுக்குக் கொண்டுவந்த அரிசி. கோயிலைக் கழுவுவதும் அவர்கள், பிரசவ வீட்டில் ஜெபிப்பதும் அவர்கள், சாவு வீட்டில் பாடுவதும் அவர்கள். உனக்கு முன்னால் வந்து ஒரு வாக்கியத்தைச் சொல்ல எட்டுப் பேரும் எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதில் எத்தனை பேர் ஏரிக்கரையில் வாக்குக் கொடுத்திருப்பார்கள் என்றும், கூட்டத்து அன்று எத்தனை பேர் முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வார்கள் என்றும்கூட எனக்குத் தெரியும். காலம் கனியட்டும் என்கிறாய். கனியாத காலத்தில் ஒருத்தி எழுந்து நின்றதால் பிறந்தவன் நீ.

என் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால் குறையாகச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல புருஷன், எழுதத் தெரிந்த கை, பக்கத்தில் பாக்கியம், குருப்பட்டம் பெற்ற மகன். இதற்குமேல் ஆண்டவரிடம் கேட்டால் பேராசை. ஆனால் இந்தக் கணக்கில் ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. ஐம்பது வயசு தாண்டிய நான், இதுவரை சபையில் உரக்கச் சொன்ன ஒரே வார்த்தை 'தெரியாது' என்பதுதான். அதோடு சாக எனக்கு மனசில்லை.

அதனால் மாதக் கடைசியில் உன் சபைக் கூட்டத்துக்கு வருகிறேன். பெரியம்மாவால் அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியாது, எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். ரயிலடிக்கு ஆள் அனுப்பாதே, வழி கேட்டு வந்துவிடுவேன். முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைக்காதே, குருவின் அம்மா என்று யாரிடமும் காட்டிக்கொடுக்காதே. நான் பெண்கள் பக்கத்துப் பாயில் அந்த விதவைக்குப் பக்கத்தில் உட்காருவேன். அவள் எழுந்தால் நானும் எழுவேன். உட்காரம்மா என்று நீயே சொன்னாலும் உட்காரமாட்டேன்.

உன் கடிதத்தை இன்னொரு தரம் தேடிப் பார்த்தேன். கமிட்டியில் இருக்கும் ஏழு ஆண்களின் பெயரும் இருக்கிறது, அவளுடைய பெயரை நீ எழுதவில்லை. அதைக் கேட்டு எழுதி அனுப்பு. வந்து இறங்கியதும் யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன் அம்மா